அரியூர் நாட்டுக்கு வழி சொல்வது எது?

புதிதாகக் கார் வாங்கும்போது வழிகாட்டித் திரையோடு வரும் விலை கூடிய வகையை எடுப்பதா, அது இல்லாத வகையை எடுத்துத் தனியே ஒரு ஜிபிஎஸ் கருவியையோ செல்போனையோ டேஷ்போர்டில் மாட்டிக்கொள்வதா என்ற கேள்வி, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஓடுகிற வண்டிக்குப் பெரிதல்ல. எதை வைத்துக்கொண்டாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே பெயர்ப்பலகை உண்டு, டவர் உண்டு, கேட்டால் சொல்ல ஆளும் உண்டு. இரண்டில் எது மேல் என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் திணற வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கொல்லிமலை அப்படிப்பட்ட இடம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் மேலே 14 நாடுகள். நாடு என்று இங்கே சொல்வது ஓர் ஊராட்சியை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று நீளும் அந்த வரிசையில் அரியூர் நாடும் ஒன்று. ஒரே ஊராகத் திரண்டிருக்காமல் சரிவுகளிலும் பள்ளங்களிலும் சிதறிக் கிடக்கிற சிற்றூர்களின் தொகுப்பு அது. அங்குள்ள ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு முதல்முறையாகப் போகிற ஓட்டுநரை மனத்தில் வைத்துப் பார்த்தால், விளம்பரங்கள் சொல்லும் திரையின் அகலமும் குரலின் இனிமையும் கணக்கிலேயே வராது. வண்டி எங்கே நிற்கிறது என்று அறிவதில் காரோடு வரும் கருவி மேலானது. எங்கே போக வேண்டும் என்று அறிவதில் கையில் எடுத்துச் செல்லும் கருவி மேலானது. மலையில் இரண்டாவது அறிவுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் முடிவு.

இந்த முடிவுக்கு முதல் படி, இந்தக் கருவிகள் செய்கிற வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது. இடத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று, வரைபடத்தில் வழி தேடுவது மற்றொன்று. முதலாவதற்கு இணையமோ செல்போன் டவரோ தேவையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தையும் தன் சுற்றுப்பாதை விவரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளின் அலை நம்மை எட்டுவதற்கு ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி இடி விழுந்த தூரத்தைக் கணிப்பதுபோல, கருவி இந்தத் தாமதத்தை அளந்து தூரத்தைக் கணிக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றையும், கருவியின் மலிவான கடிகாரத்திலுள்ள பிழையையும் சேர்த்து நான்கு விடைகள் வேண்டும் என்பதால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரக் கணக்கு 300 மீட்டர் பிசகும். இவ்வளவிலும் கருவி கேட்கிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை. ஆகவே ‘மலையில் டவர் இல்லை, ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை’ என்று சொல்வது பெரும்பாலும் தவறான நோயறிதல். ஜிபிஎஸ் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. இணையத்திலிருந்து வர வேண்டிய வரைபடம்தான் வரவில்லை. வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தால் அது இந்த இரண்டாவது பிணி.

ஆனாலும் மலை முதல் வேலையையும் கெடுக்கத்தான் செய்கிறது. தரைக்கு வந்து சேரும் ஜிபிஎஸ் அலையின் வலிமை, ஒரு வாட்டில் கோடி கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. ஈரமான இலைகள் அடர்ந்த மரக்கூரை அதை மேலும் மங்க வைக்கும். சாலையின் ஒரு பக்கம் செங்குத்தாக எழும் மலை, வானத்தில் ஏறக்குறைய பாதியை மறைத்துவிடும். மறைந்த பாதியிலுள்ள செயற்கைக்கோள்கள் கருவிக்கு இல்லாதவைதான். எஞ்சியவை எல்லாம் பள்ளத்தாக்குப் பக்கமே இருப்பதால் கோணங்கள் நெருங்கிப் பிழை பெருகும். பாறையில் பட்டுத் திரும்பி வரும் அலை நேராக வந்ததைவிடக் கூடுதல் தூரம் பயணித்திருக்கும். அது தெரியாமல் கருவி அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். திறந்த வெளியில் ஒரு செல்போனின் இடப்பிழை சுமார் 5 மீட்டர். இங்கே அது பல மடங்காகும். காரவள்ளிப் பாதையில் இதன் விளைவை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர். அதை 70 வளைவுகளால் வகுத்தால் ஒரு வளைவுக்குச் சராசரி 14 மீட்டர். மலைச்சரிவு 45 பாகை சாய்ந்திருக்கும் இடத்தில், மேலே போகும் சாலைக்கும் கீழே வரும் சாலைக்கும் இடையிலுள்ள கிடைமட்டத் தூரமும் அதே 14 மீட்டர்தான். பிழை 20 மீட்டரைத் தொட்டால் வண்டி 31-ஆம் வளைவைத் தாண்டியிருக்கிறதா, 32-ஆம் வளைவைத் தாண்டியிருக்கிறதா என்பதை செயற்கைக்கோளை மட்டும் கேட்டுச் சொல்ல முடியாது.

காரோடு வரும் கருவி தன் பெருமையைக் காட்டுவது இங்கேதான். அதன் ஆன்டெனா பெரும்பாலும் கூரையில் இருப்பதால் வானம் நன்றாகத் தெரியும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடிக்குப் பின்னால் செல்போன் படும் அவதி அதற்கு இல்லை. அதைவிடப் பெரிய பலம், வண்டியோடு அதற்குள்ள நேரடித் தொடர்பு. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்ற துடிப்பு அதற்கு வருகிறது. வண்டி எவ்வளவு திரும்பியது என்பதை உள்ளே இருக்கும் ஜைரோ சொல்கிறது. செயற்கைக்கோள் மறைந்தாலும், கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து இத்தனை மீட்டர் போய் இத்தனை பாகை திரும்பியிருக்கிறோம் என்று அது கணக்குப் போட்டுக்கொண்டே போகும். உண்மையில் இந்த முறை ஜிபிஎஸ்ஸுக்கு மூத்தது. ஹோண்டா நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த கருவி செயற்கைக்கோள் எதுவும் இல்லாமல், ஹீலியம் வாயுவால் இயங்கும் ஜைரோவையும் ஒளிபுகும் வரைபடத் தாள்களையும் வைத்தே வழி காட்டியது. 1985-ல் அமெரிக்காவில் வந்த ஈடாக் கருவி சக்கர உணரிகளையும் திசைகாட்டியையும் நம்பியது. அதன் வரைபடங்கள் ஒலிநாடாப் பேழைகளில் இருந்தன. கணக்கில் சேர்ந்துவரும் பிழையை வரைபடத்திலுள்ள சாலை வடிவத்தோடு ஒட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் உத்தியை வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதுதான். காரிலேயே பொருத்திய ஜிபிஎஸ் வழிகாட்டி 1990-ல் மஸ்டா யூனோஸ் காஸ்மோவில் வந்தது. அந்தப் பழைய உத்திக்குக் கொல்லிமலை மிக வாய்ப்பான சாலை. நேர்ச்சாலையில் சக்கரக் கணக்கின் பிழை சத்தமில்லாமல் வளரும். டயரில் காற்று குறைந்தாலே அளவு மாறிவிடும். இங்கே சில நூறு மீட்டருக்கு ஒருமுறை வண்டி 180 பாகை திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கருவி தன்னை வரைபடத்தோடு சரிபார்த்துக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் அதையே வாங்கிவிடலாமே? அந்தத் துல்லியத்தால் அங்கே என்ன பயன் என்று கேட்டுப் பார்த்த பிறகே பதில் சொல்ல வேண்டும். காரவள்ளியில் ஏறியவருக்கு அந்த 70 வளைவுகளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டிய சந்தி என்று ஏதுமில்லை. ஒரே சாலை, மேலே போகிறது. எத்தனையாவது வளைவு என்பதைச் சாலையோரப் பலகைகளே எண்ணிச் சொல்கின்றன. வளைவில் எதிரே வரும் பேருந்துக்கு வழிவிடுவதுதான் அங்கே ஓட்டுநரின் வேலை. அதைத் திரை சொல்லித்தராது. காரோடு வரும் கருவி எந்தத் திறமைக்காகக் கூடுதல் விலை கேட்கிறதோ, அந்தத் திறமை தேவைப்படாத இடத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. சந்திகள் தொடங்குவது மேலே, சோளக்காட்டையும் செம்மேட்டையும் தாண்டிய பிறகு. அங்கே நிலம் அலையலையாக இருந்தாலும் மலைமுகம் வானத்தை மறைப்பது குறைவு. மிளகுத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே செல்போனுக்கும் நான்கைந்து செயற்கைக்கோள்கள் எளிதில் அகப்படும். இருபது மீட்டர் பிழை இருந்தாலும் இரண்டு சாலைகளைக் குழப்பிக்கொள்ளாத அளவுக்கு அவை விலகியே கிடக்கின்றன. அந்த இடத்தில் ஓட்டுநர் கேட்கிற கேள்வி வேறு. இடப்பக்கம் பிரியும் அந்தத் தார்ச்சாலை எங்கே போகிறது, அது முடிவுவரை தார்தானா, பாதியில் மண்பாதையாகி நின்றுவிடுமா?

இதற்கு விடை சொல்ல வேண்டியது வரைபடம். அரியூர் நாடு போன்ற இடங்களில் வரைபடம் தடுமாறுவதற்குக் காரணங்கள் தெளிவானவை. பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. தேடுபெட்டியில் அரியூர் என்று மட்டும் தட்டினால், வேலூரை ஒட்டிய அரியூரும் புதுச்சேரியிலுள்ள அரியூரும் போட்டிக்கு வரும். அவை சமவெளியில் மக்கள் பெருகிய ஊர்கள். ஆகவே கருவி அவற்றையே முன்னால் காட்ட இடமுண்டு. அரியூர் நாடு என்று சரியாகத் தட்டினாலும் அது ஒரு பரப்பின் பெயர். பரப்புக்குப் போகச் சொன்னால் கருவி ஏதாவது ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஊராட்சி எல்லையின் நடுப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அது சோலைக்காட்டுக்குள்ளோ யாரோ ஒருவரின் அன்னாசித் தோட்டத்துக்குள்ளோ விழலாம். அந்தப் புள்ளிக்கு மிக அருகே வரும் சாலையில் வண்டியை நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று குரல் சொல்லும். போக வேண்டிய சிற்றூரோ ஒரு பள்ளத்துக்கு அப்பால் இருக்கும். சிற்றூர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால், அந்த ஊர் வரைபடத்தில் இருந்தும் தேடலில் கிடைக்காமல் போவதுண்டு. சாலைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மண்பாதை தார் காண்கிறது, மழைக்கு ஒரு பாலம் அரித்துப் போகிறது, இன்னொன்று புதிதாக எழும்புகிறது. கார் நிறுவனம் வண்டிக்குள் ஏற்றித் தரும் வரைபடம் ஏதோ ஒரு நாளில் உறைந்துபோனது. அதைப் புதுப்பிக்க சர்வீஸ் மையத்துக்குப் போக வேண்டியிருக்கலாம், பணம் கட்ட வேண்டியிருக்கலாம். சில ஆண்டுகள் கழிந்தால் அந்த மாடலுக்குப் புதுப்பிப்பு வருவதே நின்றுபோகலாம். கார் பதினைந்து ஆண்டு ஓடும். அதனுள் இருக்கும் வரைபடத்துக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

கைக்கருவியின் நிலைமை வேறு. தனிப் பெட்டியாக விற்ற ஜிபிஎஸ் கருவிகள் இந்தியக் கடைகளில் ஒரு காலத்தில் நன்றாக ஓடின. வெளிநாட்டு கார்மின் கருவிகளும், 1995-லிருந்து இந்தியச் சாலைகளை எண்மமாக்கிவரும் மேப்மைஇந்தியா நிறுவனத்தின் கருவிகளும் அவற்றில் சேரும். இன்று அந்தப் பெட்டியின் இடத்தைச் செல்போன் எடுத்துக்கொண்டுவிட்டது. நான் கைக்கருவி என்று சொல்வதில் முதன்மையானது வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்ட செல்போன்தான். அந்த இறக்கி வைத்தல்தான் முக்கியம். சேந்தமங்கலத்திலோ ராசிபுரத்திலோ சிக்னல் இருக்கும்போதே கொல்லிமலைப் பகுதியின் வரைபடத்தை ஆஃப்லைனில் சேமித்துக்கொண்டால், மேலே டவரே இல்லாவிட்டாலும் வழி தேடும். ஒரே கருவியில் இரண்டு மூன்று நிறுவனங்களின் வரைபடங்களை வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. ஒன்றில் இல்லாத பாதை இன்னொன்றில் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் அங்கே நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையாவது கிடைக்கும். காரோடு வந்த ஒற்றை வரைபடம் இந்த எச்சரிக்கையைத் தராது. தவறாக இருந்தாலும் அதே உறுதியான குரலில்தான் பேசும்.

செல்போனிடம் ஒரு பலவீனம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் சமாளித்துவிடலாம். செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது. முழு விவரம் ஒருமுறை வந்து முடிய 30 நொடி ஆகும். இடையில் ஒரு கிளை மறைத்து அறுந்தால், விட்ட பகுதி மறுபடி ஒலிபரப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். நகரத்தில் செல்போன் இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிடுகிறது. அதே விவரத்தை டவர் வழியே இணையத்திலிருந்து ஒரு நொடியில் வாங்கிக்கொள்கிறது. டவர் இல்லாத காட்டுச்சாலையில் புதிதாக இயக்கினால் அந்தச் சலுகை இல்லை. பத்து நிமிடம் ஆகியும் புள்ளி வராமல் தவிப்பது இதனால்தான். ஒருமுறை வாங்கிய விவரம் சுமார் நான்கு மணி நேரம் செல்லும். ஆகவே காரவள்ளியில் ஏறத் தொடங்கும் முன்பே வழிகாட்டியை இயக்கி, புள்ளி நிலைபெற்றதைப் பார்த்துக்கொண்டு, அணைக்காமல் ஏறினால் மேலே போகும்வரை அந்தச் சிக்கலே வராது. வண்டி நின்ற இடத்தை நினைவில் வைத்திருக்கும் காரோடு வந்த கருவிக்கு இந்த முன்னேற்பாடு தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நாவிக் அமைப்பு இந்தக் கணக்கை மாற்றிவிடாதா என்று கேட்கலாம். அடிப்படையில் அது நமக்கு மிகவும் பொருந்திய வடிவமைப்பு. 2013 ஜூலை 1 அன்று அதன் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. மூன்று புவிநிலை, நான்கு புவிஒத்தியங்கு செயற்கைக்கோள்கள் என ஏழும் இந்தியாவை நோக்கியே இருக்கும்படி திட்டம் வகுத்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு ஒதுக்கிய இடம் 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. கொல்லிமலை இருப்பதோ ஏறக்குறைய 78.4 பாகையில். கணக்கிட்டால் அங்கிருந்து பார்ப்பவருக்கு அந்தச் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து சுமார் 75 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சி வானில், நகராமல் நிற்கும். எந்த மலைமுகமும் அதை எளிதில் மறைக்க முடியாது. ஆனால் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்கள் பலவற்றில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய அணுக் கடிகாரங்கள் பழுதாகின. 2023 மே 29 அன்று உள்நாட்டு ரூபிடியம் கடிகாரத்தோடு ஏவிய என்விஎஸ்-01 நன்றாக நிலைபெற்றது. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. திட்டமிட்ட முழு வலிமையை நாவிக் அடையும் நாளில் மலைச்சாலையின் இடப்பிழை குறையும். அப்போதும் பயன் பெறுவது இடம் அறியும் வேலைதான், வழி அறியும் வேலை அல்ல. புதிய அலைவரிசைகளைக் கேட்கும் சிப் செல்போனில்தான் முதலில் வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2020-லிருந்தே நாவிக்கைக் கேட்கும் செல்போன்கள் வரத் தொடங்கிவிட்டன. ஐந்தாறு ஆண்டுக்கு முன் வாங்கிய காரின் கருவிக்கு அந்தக் காதை ஒட்டவைக்க முடியாது.

எதிர்வாதங்களில் வலுவானது பாதுகாப்பு. மலைச்சாலையில் கையளவு செல்போனைக் குனிந்து பார்ப்பது ஆபத்து. கண் உயரத்தில் பொருத்தி, வண்டி ஓடும்போது தட்டச்சைத் தடுக்கும் காரின் திரை இந்த விஷயத்தில் நல்ல வடிவமைப்பு என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வெயிலில் கண்ணாடியோரம் காயும் செல்போன் சூடேறித் தன்னைத்தானே மங்கலாக்கிக்கொள்வதும் நடக்கிறது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கைக்கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்தலாம் என்கிறது. தாங்கியில் பொருத்தி, புறப்படும் முன்பே இடத்தைக் குறித்துவிட்டு, குரலைக் கேட்டு ஓட்டுவது அந்த விதிக்குள் அடங்கும். இன்னும் நல்ல தீர்வும் உண்டு. இப்போது நடுத்தர விலைக் கார்களிலேயே செல்போனை இணைத்தால் அதன் வரைபடத்தைக் காட்டும் திரை வருகிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே என்ற பெயர்களில் இது பழகிவிட்டது. வண்டி இடம் கொடுத்தால் அதன் ஆன்டெனாவிலிருந்தும் வேக உணரியிலிருந்தும் வரும் தகவலைச் செல்போன் எடுத்துக்கொள்ளவும் முடியும். கண்ணுக்கு எட்டும் திரையும் வானம் காணும் ஆன்டெனாவும் காரிடமிருந்தும், புதுப்பிக்கும் வரைபடம் செல்போனிடமிருந்தும் வருகிற இந்தக் கூட்டுதான் நான் சொல்லிவந்த பிரிவினைக்குச் சரியான விடை. கார் வாங்குகிறவர் கூடுதல் பணம் தர வேண்டியது இந்தத் திரைக்கு. உள்ளேயே உறைந்த வரைபடத்துக்கு அல்ல.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. செல்போன் வரைபடத்தை நம்பித்தானே பலர் அழிவைத் தேடிக்கொண்டார்கள் என்பது. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், செயலி காட்டிய வழியில் போன கர்நாடகச் சுற்றுலாப் பயணிகளின் கார் படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. அங்கே உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இவற்றைக் கருவியின் பக்கம் நின்று நியாயப்படுத்த முடியாது, ஆனால் காரணத்தைப் புரிந்துகொள்ள முடியும். வழி தேடும் நிரலுக்குச் சாலை என்பது இரண்டு சந்திகளை இணைக்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு ஒரு நேர மதிப்பு உண்டு. கூட்டுத்தொகை குறைவாக வரும் கோடுகளை அது கோத்துத் தருகிறது. அகலம், சரிவு, படிக்கட்டு, இடிந்த பாலம் ஆகியவற்றை யாராவது அந்தக் கோட்டின்மேல் பதிவு செய்திருந்தால்தான் அதற்குத் தெரியும். கொல்லிமலைக்கே காரவள்ளி வழியும் உண்டு, முள்ளுக்குறிச்சி வழியும் உண்டு. மலைச்சாலைக்குப் புதியவருக்கும் நீளமான வண்டிக்கும் இரண்டாவது வழி எளிது என்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள். நேரத்தை மட்டும் கூட்டிப் பார்க்கும் நிரல் அறியாது. ஆனால் காரோடு வரும் கருவி இந்தக் குருட்டுத்தனத்திலிருந்து தப்பியதல்ல. அதே வகை நிரல், அதைவிடப் பழைய வரைபடம். பாலம் இடிந்த செய்தி செல்போனுக்கு என்றைக்காவது வந்து சேரும், உறைந்த வரைபடத்துக்கு அடுத்த புதுப்பிப்பு வரை வராது. எந்தக் கருவியாக இருந்தாலும், சாலை சட்டென்று குறுகினால் நிறுத்தி எதிரே வருபவரிடம் கேட்டுவிடுவதுதான் முறை.

வண்டி நிற்கும் இடத்தோடு பயணம் முடிந்துவிடுவதில்லை என்பதும் கைக்கருவிக்குச் சாதகம். அரியூர் நாட்டின் சில வீடுகளுக்குக் கடைசித் தூரம் நடைதான். வளப்பூர் நாட்டு அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். காரில் பொருத்திய கருவி வண்டியோடு நின்றுவிடும். கையிலுள்ளது கூடவே வந்து, நடந்த தடத்தையும் பதிவு செய்யும். மலையேற்றத்துக்கான கைக்கருவிகள் சிலவற்றில் காற்றழுத்தமானியும் உண்டு. செயற்கைக்கோள் கணக்கில் உயரம்தான் அதிகம் பிழைபடுவது, அதை அழுத்தமானி திருத்தித் தரும். இந்தக் கருவிகளை வாங்குவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். செயற்கைக்கோளைக் கேட்க மட்டும் செய்யும் கருவிக்குத் தடையில்லை. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வகைக்கு இந்தியாவில் அரசின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள்.

வரைபடம்தான் தீர்மானிக்கிறது என்றால், அரியூர் நாட்டு வரைபடத்தை யார் சரிசெய்வது? இதற்கான கதவுகள் கடந்த சில ஆண்டுகளில் திறந்திருக்கின்றன. 1802-ல் சென்னை பரங்கிமலையில் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவையிலிருந்து வெகுகாலம், நில அளவை அரசின் கையிலேயே இருந்தது. 2021 பிப்ரவரியில் வந்த புவித்தகவல் வழிகாட்டு நெறிகள், இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் முன் அனுமதி இல்லாமலே வரைபடத் தரவைத் திரட்டலாம் என்று ஆக்கின. 2022-ல் ஊரக வளர்ச்சி அமைச்சகம், கிராமச் சாலைத் திட்டத்துக்காகத் திரட்டிய புவித்தகவலைப் பொதுவெளியில் வைத்தது. 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர்ச் சாலையை வரையலாம், தமிழிலேயே பெயரிடலாம். ஆஃப்லைனில் வேலை செய்யும் பல செயலிகள் அந்த வரைபடத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மேலே கல்லூரி படிக்கும் ஒரு பிள்ளை, தன் நாட்டிலுள்ள சிற்றூர்களின் பெயரையும், எந்தப் பாதையில் ஜீப் போகும், எதில் போகாது என்பதையும் சில விடுமுறை நாட்களில் பதிந்துவிட முடியும். அந்த அறிவு எந்தக் கார் நிறுவனத்திடமும் இல்லை.

பெயர்க் குழப்பத்துக்கும் வழி பிறந்திருக்கிறது. 2025 மே மாதம் அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய டிஜிபின், நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. அட்சரேகை தீர்க்கரேகையிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குறியீடு அது, கணக்கிட இணையம் தேவையில்லை. குறியீடு வேண்டாமென்றால் பாகை எண்களே போதும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை சொல்லிவிடலாம். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடும் 108 ஆம்புலன்ஸை அழைக்கிற வீட்டாருக்கு இது வெறும் வசதி அல்ல. பெயரைச் சொல்லி, எந்த அரியூர் என்று விளக்கி, பிறகு எந்தப் பிரிவு என்று விளக்கும் நிமிடங்கள் மிச்சமாகும். ஒவ்வொரு வீட்டிலும் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். சிக்னல் உள்ள மேட்டுக்கு ஓடிப்போய் அழைக்கிறவர் அதை வாசித்துக் காட்டினால் போதும். கீழே அதைக் கேட்டுக்கொள்ளும் ஓட்டுநர் தன் கைக்கருவியில் அந்த எண்களைத் தட்டிக்கொண்டு மலையேறலாம்.